மேலடுக்கும் உள்ளடுக்கும்: கறுப்பின அமெரிக்கர்களின் யோகா

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1993 முதல் 2021 வரை அரசுப் பள்ளிகளில் யோகா கற்பிக்கத் தடை இருந்தது. ஹிப்னாடிசம், தியானம் ஆகியவற்றோடு சேர்த்து மாநிலக் கல்வி வாரியம் அதையும் விலக்கி வைத்தது. யோகா வந்தால் பின்னாலேயே இந்து சமயமும் வகுப்பறைக்குள் வந்துவிடும் என்ற அச்சம்தான் காரணம். இந்தத் தடையை நீக்கத் தொடர்ந்து முயன்றவர் ஜெரமி கிரே என்ற சட்டமன்ற உறுப்பினர். கறுப்பினத்தவர்; கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர்; அங்கேதான் அவருக்கு யோகா அறிமுகமானது. முந்தைய முயற்சி தோற்று, 2021-இல் சட்டம் நிறைவேறியபோது அதில் நிபந்தனைகள் ஏறியிருந்தன. ஆசனங்களுக்கு ஆங்கிலப் பெயர்கள் மட்டுமே இருக்க வேண்டும். மந்திரம், முத்திரை, மண்டலம் எதுவும் கூடாது. ‘நமஸ்தே’ என்று வணக்கம் சொல்லக் கூடாது. பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கட்டாயம்.

ஒரு பயிற்சியை ஓர் ஊருக்கு ஏற்றபடி மாற்றுவது என்று பார்த்தால் இதுவும் ஒருவகைத் தழுவல்தான். ஆனால் எதைக் கழற்ற வேண்டும் என்று இங்கே தீர்மானித்தவர்கள் யோகா செய்ய விரும்பியவர்கள் அல்லர், அதைக் கண்டு பயந்தவர்கள். எதை எடுத்தால், எதைச் சேர்த்தால் யோகா ஒரு சமூகத்துக்குப் பொருந்தும் என்ற இதே கேள்விக்கு அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் கறுப்பின யோகா ஆசிரியர்களும் வேறு விடைகளைத் தேடி வருகிறார்கள். ‘பண்பாட்டுக்கு ஏற்பத் தழுவிய யோகா’ என்று இன்று பேசப்படுவதில் எது சத்து, எது வெறும் பூச்சு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். ஆய்வறிக்கைகளில் இரண்டும் ஒரே பெயரில்தான் நடமாடுகின்றன.

முதலில் எண்கள். அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நேர்காணல் கணக்கெடுப்பின்படி, ஓராண்டுக்குள் ஒருமுறையேனும் யோகா செய்த பெரியவர்கள் 2012-இல் 9.5 சதவீதம், 2017-இல் 14.3 சதவீதம். அதே 2017-இல் வெள்ளையரிடையே இது 17.1 சதவீதமாகவும் கறுப்பினத்தவரிடையே 9.3 சதவீதமாகவும் இருந்தது. 2022-இல் மொத்த அளவு 16.9 சதவீதத்தைத் தொட்டது. பெண்களின் பங்கு ஆண்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதன் பக்கத்தில் இன்னோர் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2017–18 கணக்கெடுப்பில் கறுப்பினப் பெரியவர்களில் 57.1 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, வெள்ளையரில் 43.6 சதவீதம் பேருக்கு. யோகா மன அழுத்தத்தைத் தணிக்கும், உடலை அசைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஓரளவு இறக்கக்கூடும். ஆனால் அதிகம் பயன்பெறக் கூடியவர்களிடம் அது குறைவாக இருக்கிறது, எனவே கொண்டுபோய்ச் சேர்ப்போம். பெரும்பாலான ஆய்வுத் திட்டங்கள் இந்தத் தர்க்கத்தில்தான் தொடங்குகின்றன.

தர்க்கம் பிழையல்ல. ‘கொண்டுபோய்ச் சேர்ப்போம்’ என்ற இடத்தில்தான் இடறுகிறது. யோகா அறியாத ஒரு சமூகத்துக்குப் புதிதாக ஒன்றைத் தருவதாக அது எண்ணிக்கொள்கிறது.

பழைய உறவு

ரோசா பார்க்ஸ் என்றால் 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தவர் என்றுதான் உலகம் அறியும். அவர் யோகா செய்தவர் என்பது அண்மைக்காலம் வரை பலருக்குத் தெரியாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள அவருடைய ஆவணங்களில் 1973-ஆம் ஆண்டுப் படங்கள் இருக்கின்றன; ஒரு நிகழ்ச்சியில், அறுபது வயதில், அவர் ஆசனம் செய்து காட்டுகிறார். வரலாற்றாசிரியர் ஸ்டெஃபனி எவன்ஸ் 2021-இல் வெளியிட்ட ‘கறுப்பினப் பெண்களின் யோகா வரலாறு’ என்ற நூல் இப்படிப்பட்ட தடயங்களைத் தன்வரலாறுகளிலிருந்து தேடித் தொகுத்தது. பார்க்ஸ் பிறந்ததும் அலபாமாவில்தான். அவர் செய்து காட்டியதை அவர் பிறந்த மண்ணின் பள்ளிப் பிள்ளைகள் செய்யக் கூடாது என்று இருபத்தெட்டு ஆண்டுகள் விதி இருந்திருக்கிறது.

உறவு இதைவிடப் பழையது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தலைப்பாகை கட்டி ‘இந்து யோகி’ என்று மேடையேறிய கறுப்பினத்தவர் அமெரிக்காவில் பலர் இருந்தனர். நிறப்பாகுபாடு கடுமையாக இருந்த காலத்தில் கீழ்த்திசை ஞானி வேடம் சில கதவுகளைத் திறந்தது. பிலிப் டெஸ்லிப் என்ற ஆய்வாளர் இவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வேடம்தான், ஆனாலும் அந்தக் காலத்திலேயே யோகா என்ற பெயர் கறுப்பின மக்களின் தெருக்களில் புழங்கியது என்பதற்கு அது சாட்சி. பின்னாளில் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார், 42 வயது வரை தொழில்முறை ஆட்டத்தில் நீடித்ததற்கு யோகாவை ஒரு காரணமாகச் சொன்னார்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வரலாற்றில் நெருக்கமான ஒரு பகுதி உண்டு. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914-இல் பிறந்த ராமசாமி, பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் வாழ்ந்த சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றுச் சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் திருகோணமலையிலும் கண்டியிலும் ஆசிரமப் பணி செய்துவிட்டு, 1966-இல் நியூயார்க் போனார். 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். ஏறக்குறைய அந்தச் சமயத்தில், கணவர் ஜான் கோல்ட்ரேனை 1967-இல் பறிகொடுத்துத் தூக்கமின்றி, உடல் மெலிந்து தவித்துக்கொண்டிருந்த ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் அவரிடம் வந்து சேர்ந்தார். 1971-இல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்ற இசைத்தட்டு அந்தச் சந்திப்பின் பதிவு.

ஆலிஸ் அதோடு நிற்கவில்லை. 1975-இல் வேதாந்த மையம் ஒன்றைத் தொடங்கினார். 1983-இல் கலிஃபோர்னியாவின் அகூரா ஹில்ஸ் பகுதியில் ஆசிரமம் அமைத்து, துரியசங்கீதானந்தா என்ற பெயரில் வழிநடத்தினார். அங்கே பாடப்பட்டவை வடமொழி பஜனைகள். மெட்டும் கைத்தட்டும் எதிர்ப்பாட்டும் மட்டும் அவர் சிறுமியாக ஆர்கன் வாசித்த டெட்ராய்ட் பாப்டிஸ்ட் சர்ச்சிலிருந்து வந்தவை. பண்பாட்டுத் தழுவல் என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆய்வு நிதியும் கேட்கவில்லை. கறுப்பினத்தார் யோகாவைத் தமதாக்கிக்கொண்டதற்கு இதைவிட முழுமையான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆசிரியர்களும் இருந்தார்கள். கிருஷ்ண கவுர் என்ற கறுப்பினப் பெண்மணி லாஸ் ஏஞ்சல்ஸில் இளைஞர்களுக்கு யோகா கற்பிக்கும் அமைப்பை நடத்தினார். ஜானா லாங், மாயா பிரூவர் போன்றோரின் முயற்சியில் கறுப்பின யோகா ஆசிரியர்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பு உருவானது. பால்டிமோரில் ஸ்மித் சகோதரர்கள் இருவரும் ஒரு நண்பரும் 2001-இல் தொடங்கிய நிறுவனம், ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் பள்ளிகளுக்குள் மூச்சுப்பயிற்சியையும் ஆசனத்தையும் கொண்டு சென்றது. இருந்தும் 2017-இல் அந்த எண் 9.3 சதவீதத்தில்தான் நின்றது. பழைய உறவை மறைத்தது, 1990-களுக்குப் பிறகு வளர்ந்த யோகா வணிகம். ஒல்லியான வெள்ளைப் பெண்ணின் படம் போட்ட பத்திரிகை அட்டைகள், வசதியானவர்கள் வாழும் தெருக்களில் திறக்கப்பட்ட ஸ்டூடியோக்கள், ஒரு வகுப்புக்கு இருபது டாலர் அளவிலான கட்டணம். அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகும் ஒரே கறுப்பினப் பெண்ணாக இருப்பது என்னவென்று ஜெஸ்ஸமின் ஸ்டான்லி போன்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஸ்டான்லி பருத்த உடல்கொண்டவர். தன் உடலை மறைக்காமல் ஆசனப் படங்களை வெளியிட்டே பெயர் பெற்றவர்.

இடையில் ஒரு குறிப்பு. ‘கெமெட்டிக் யோகா’ என்று ஒன்று சிகாகோவில் 1970-களில் உருவானது. பண்டைய எகிப்தின் சுவரோவியங்களில் காணப்படும் உடல்நிலைகளை வைத்து யிர்சர் ரா ஹோதெப் முதலானோர் அமைத்த முறை அது. யோகாவின் வேர் ஆப்பிரிக்காவிலும் உண்டு என்பது அதன் கூற்று. சுவரில் நிற்கும் உருவத்தை ஒரு பயிற்சிமரபுக்குச் சான்றாகக் கொள்வது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. அந்தப் பயிற்சியால் பலர் நன்மை அடைந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. பார்க்ஸும் கோல்ட்ரேனும் இருக்கும்போது எகிப்து வரை போவானேன் என்பதுதான் என் ஐயம்.

இரண்டு அடுக்குகள்

நலவாழ்வுத் திட்டங்களைப் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுவதைப் பற்றிப் பேசும்போது கென் ரெஸ்னிகோ முதலானோர் 1999-இல் எழுதிய கட்டுரையை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் இரண்டு அடுக்குகளைப் பிரித்தார்கள். மேலடுக்கு என்பது கண்ணுக்குப் படுவது: யார் படம், என்ன இசை, எந்த மொழி, எந்த இடம். உள்ளடுக்கு என்பது அந்த மக்கள் நோயை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், அவர்களின் வரலாறு என்ன, குடும்பமும் சமயமும் சமூக நிலையும் அவர்கள் நடத்தையை எப்படி வழிநடத்துகின்றன என்பது. மேலடுக்கு ஆட்களை உள்ளே வரவழைக்கும்; தொடர்ந்து வரச் செய்வதும் பலன் தருவதும் உள்ளடுக்கின் வேலை.

மேலடுக்கைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்பின ஆசிரியர், விளம்பரத்தில் கறுப்பின முகங்கள், பின்னணியில் காஸ்பல் அல்லது ஆர் அண்ட் பி இசை, டிரம் ஒலி. இவை வேண்டியவைதான், அதிகச் செலவும் இல்லை. செலவில்லை என்பதாலேயே பல திட்டங்கள் இதோடு வேலை முடிந்ததாகக் கருதிவிடுகின்றன.

உள்ளடுக்கில் முதலில் எதிர்ப்படுவது உழைப்பைப் பற்றிய மனப்பாங்கு. வட கரோலினாவில் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற தொற்றுநோயியல் அறிஞர் ஒரு கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். குத்தகைக் கடனில் உழலும் குடும்பத்தில் பிறந்து, ஓயாமல் உழைத்து, நாற்பது வயதில் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரரானவர். ஐம்பதுகளில் அவருக்கு உயர் ரத்த அழுத்தம், மூட்டுவாதம், வயிற்றுப் புண். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. வசதியும் வாய்ப்பும் குறைவாக இருக்கும் நிலையில் தடைகளை விடாமுயற்சியால் மட்டுமே எதிர்கொள்பவர்களின் ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று ஜேம்ஸ் 1980-களில் ஆராயத் தொடங்கினார். இயந்திரத்தோடு போட்டியிட்டு வென்று, வென்ற கணத்தில் விழுந்து இறந்ததாகச் சொல்லப்படும் நாட்டுப்புற நாயகன் ஜான் ஹென்றியின் பெயரையே அந்த மனப்பாங்குக்குச் சூட்டினார். விவசாயியின் பெயரும் ஜான் ஹென்றிதான் என்பது தற்செயல்.

செரில் உட்ஸ்-கிஸ்கோம்பே 2010-இல் இதன் பெண் வடிவத்தை விவரித்தார். எப்போதும் வலிமையாகத் தெரிய வேண்டும், உணர்ச்சியை அடக்க வேண்டும், யாரிடமும் சாயக் கூடாது, கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் சாதித்துக் காட்ட வேண்டும், தன்னை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்க வேண்டும். கறுப்பினப் பெண்கள்மீது சுமத்தப்பட்டு, அவர்களே ஏற்றுக்கொண்ட கடமைகள் இவை. ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992 முதல் முன்வைத்துவரும் ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பாகுபாட்டைத் தினமும் எதிர்கொள்ளும் உடல், வயதுக்கு முன்னதாகவே தேய்கிறது என்பது அவர் வாதம்.

இவற்றை அறிந்த ஆசிரியர் வகுப்பை வேறுவிதமாக நடத்துவார். ‘உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள்’ என்று சொல்வது, ஒதுக்க நேரமில்லாதவளிடம் ஒரு குறையைச் சுட்டிக்காட்டுவதாகவே முடியும். ‘இன்னும் கொஞ்சம் வளையுங்கள், முடியும்’ என்ற ஊக்கமோ, ஏற்கெனவே ஜான் ஹென்றியாக வாழ்பவரை இன்னும் ஜான் ஹென்றியாக்கும். உடலைத் தலையணைகளின் மேல் சாய்த்துச் சும்மா இருக்கவிடும் பயிற்சியை, இனப் பாகுபாடு தரும் அழுத்தத்துக்கென்றே கெய்ல் பார்க்கர் 2020-இல் எழுதிய நூலில் விரித்துச் சொன்னார். ஓய்வே இங்கு பாடம். ஆனால் ஓய்வை முன்னிறுத்தினால் உடலியக்கம் குறையும். உடலியக்கத்தை முன்னிறுத்தினால் ஓய்வு போகும். நலவாழ்வு, உடலியக்கம் இரண்டையும் ஒரே திட்டத்தில் அடைய நினைக்கும் ஆய்வுகள் இந்த இழுபறியை வெளிப்படையாகப் பேசுவது அரிது.

அடுத்தது சர்ச். கறுப்பின அமெரிக்க வாழ்வில் சர்ச் வழிபாட்டிடம் மட்டுமல்ல. குடிமை உரிமைப் போராட்டம் கூடிய இடம், பசித்தவருக்கு உணவு தரும் இடம், ரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் நடக்கும் இடம். அங்கு வரும் பலருக்கு யோகா இன்னொரு தெய்வத்தை வணங்குவதாகப் படுகிறது. 2010-இல் சதர்ன் பாப்டிஸ்ட் சபையின் இறையியல் கல்லூரித் தலைவரான வெள்ளையர் ஆல்பர்ட் மோலர், யோகா கிறிஸ்தவத்தோடு ஒத்துப்போகாது என்று எழுதிப் பரபரப்பு ஏற்படுத்தினார். ஏறக்குறைய அதே காலத்தில் இந்து அமெரிக்க அறக்கட்டளை, யோகாவின் இந்து வேரை மறைக்காதீர்கள் என்று இயக்கம் நடத்தியது. ஒருபுறம் அது இந்துவுடையது, விடு என்கிறார்கள். மறுபுறம் அது இந்துவுடையது, ஒப்புக்கொள் என்கிறார்கள். நடுவில் மூட்டுவலியோடு நிற்கும் ஒரு சர்ச் மூதாட்டிக்கு இருவருமே உதவவில்லை. மந்திரத்துக்குப் பதில் அவர் மனப்பாடமாக அறிந்த திருப்பாடல் வரியை மூச்சோடு சேர்த்துச் சொல்லவிடும் ஆசிரியர் உதவுகிறார். சச்சிதானந்தரும் வெவ்வேறு சமயங்களைச் சேர்ந்த தம் மாணவர்களை அவரவர் வழிபாட்டிலேயே இருக்கச் சொன்னவர்தான். அவர் வர்ஜீனியாவில் 1986-இல் திறந்த ஆலயம் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது.

அலபாமா சட்டமும் மந்திரத்தை எடுத்தது, இந்த ஆசிரியரும் எடுக்கிறார். அலபாமாவில் அந்த இடம் காலியாக விடப்பட்டது, இங்கே நிரப்பப்படுகிறது. நிரப்புகிறவர் அந்தச் சபையையும் யோகாவையும் ஒருசேர அறிந்தவராக இருக்கிறார்.

தலைமுடியைப் பற்றிச் சொன்னால் அற்ப விஷயமாகத் தோன்றலாம். வட கரோலினாவில் தோல்நோய் மருத்துவர்கள் 103 கறுப்பினப் பெண்களிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 38 சதவீதம் பேர் தலைமுடிக்காகச் சில சமயம் உடற்பயிற்சியைத் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். பணமும் மணிக்கணக்கான நேரமும் செலவழித்து நேராக்கிய முடி வியர்வையில் நனைந்தால் பழையபடி சுருண்டுவிடும். அலுவலகங்களோ நேரான முடியைத்தான் ஒழுங்காகப் பார்த்தன. அன்றைய அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ரெஜினா பெஞ்சமின் 2011-இல் அட்லாண்டாவின் சிகை அலங்காரக் கண்காட்சிக்கே போய், முடி உடற்பயிற்சிக்குத் தடையாகக் கூடாது என்று பேசினார். சிலர் கேலி செய்தார்கள். அவர் சரியான இடத்துக்குத்தான் போனார் என்று நினைக்கிறேன். கொதிக்கும் அறையில் செய்யும் ‘ஹாட் யோகா’ இந்தப் பெண்களை விரட்டும். அதிகம் வியர்க்காத மெதுவான ஹட யோகா விரட்டாது. பின்னல்கொண்டை போட்டவர் சவாசனத்தில் படுக்கத் தலைக்கு அடியில் என்ன வைக்க வேண்டும் என்பது, அந்தப் பின்னலைப் போட்டுக்கொண்ட ஆசிரியருக்குச் சொல்லாமலே தெரியும்.

மூச்சும் அப்படித்தான். 2014-இல் எரிக் கார்னரும் 2020-இல் ஜார்ஜ் ஃப்ளாய்டும் போலீஸ் பிடியில் மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இறந்தார்கள். மூச்சை அடக்கிக் கும்பகம் செய்யச் சொல்லும்போது, கண்ணை மூடச் சொல்லும்போது, பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டுத் திருத்தும்போது, அந்த அறையில் இருப்பவர்களுக்கு எது நினைவுக்கு வரும் என்று ஆசிரியர் யோசித்திருக்க வேண்டும். மருத்துவக் காரணமும் இதோடு சேர்கிறது. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள் மூச்சை நீண்டநேரம் அடக்குவதும் தலைகீழ் ஆசனங்களும் வேண்டாம் என்பதே பொதுவான எச்சரிக்கை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கும் மக்கள்கூட்டத்தில், நோய்க்கேற்ற மாற்றமும் பண்பாட்டுக்கேற்ற மாற்றமும் பல இடங்களில் ஒன்றேயாகிவிடுகின்றன.

இப்படி மாற்றினால் அது யோகாதானா என்று கேட்பவர்கள் சென்னையை நினைத்துப் பார்க்கலாம். யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் தம் பிற்காலத்தில் இங்கே கற்பித்தபோது ஆளுக்கு ஏற்றபடி பயிற்சியை அமைத்தார். வயது, நோய், தொழில், நம்பிக்கை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தொடங்கிய யோக மந்திரம் என்ற நிறுவனம் அந்த அணுகுமுறையின் மேல் நிற்கிறது. ஆளுக்கு ஏற்ப மாறாத யோகா என்று ஒன்று எங்கோ தூய்மையாக இருந்தது என்ற எண்ணம்தான் புதியது.

சான்று எவ்வளவு தாங்கும்

பாஸ்டன் மருத்துவ மையத்தில் ராபர்ட் சேப்பரும் சகாக்களும் செய்த ஆய்வுகள் இந்தத் துறையில் உறுதியானவை. நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 320 பேரை யோகா, பிசியோதெரபி, விளக்கநூல் என்று குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். பெரும்பாலோர் வெள்ளையரல்லாதவர், வருமானம் குறைந்தவர். பன்னிரண்டு வாரங்களில் வலியும் செயல்திறனும் எப்படி மாறின என்று பார்த்ததில், யோகா பிசியோதெரபிக்குச் சளைக்கவில்லை என்பது 2017-இல் வெளியான முடிவு. விளக்கநூல் பெற்றவர்களைவிட இந்த இரு பிரிவினரும் வலிமாத்திரையைக் குறைவாகவே நாடினார்கள். ஆனால் இரண்டு பிரிவிலும் பெரும்பாலான அமர்வுகளுக்கு ஒழுங்காக வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அதற்கு முன் 95 பேரிடம் நடந்த சோதனையில், வாரம் ஒருமுறை வந்தவர்களும் இருமுறை வந்தவர்களும் ஏறத்தாழ ஒரே பலனைப் பெற்றார்கள். இரண்டு வேலை பார்க்கும் ஒருவருக்கு இது பெரிய செய்தி. கவனிக்க வேண்டியது, இந்த ஆய்வுகள் பண்பாட்டுத் தழுவல் என்று கொடி பிடிக்கவில்லை. மக்கள் ஏற்கெனவே நம்பிப் போகும் அக்கம்பக்கச் சுகாதார மையங்களோடு சேர்ந்து நடந்தன, அவ்வளவுதான்.

தியானத்தின் பக்கம் எண்கள் இன்னும் கவர்ச்சியானவை, எச்சரிக்கையும் கூடுதலாக வேண்டும். ராபர்ட் ஷ்னைடர் குழுவினர் ஓக்லாந்தில் 127 முதிய கறுப்பினத்தவரிடம் ஆழ்நிலைத் தியானத்தைச் சோதித்தார்கள். சிஸ்டாலிக் அழுத்தம் 10.7 மி.மீ. இறங்கியதாக 1995-இல் எழுதினார்கள். இதயநோய் உள்ள 201 கறுப்பினத்தவரைச் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து பார்த்து, மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த அபாயம் 48 சதவீதம் குறைந்ததாக 2012-இல் அறிவித்தார்கள். இதே கட்டுரையை அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு மருத்துவ இதழ் வெளியிட இருந்து, கடைசி நிமிடங்களில் நிறுத்திவைத்தது. ஆய்வாளர்களில் பலர் அந்தத் தியானமுறையைப் பரப்பும் மகரிஷி பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இந்த எண்களை எடைபோட வேண்டும். 2013-இல் அமெரிக்க இதயச் சங்கம், ரத்த அழுத்தத்துக்கு ஆழ்நிலைத் தியானத்தை வேண்டுமானால் முயலலாம் என்றது. யோகாவைப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றது.

உடலியக்கக் கணக்கில் யோகா இன்னும் சிக்கலானது. அமெரிக்க வழிகாட்டு நெறி வாரம் 150 நிமிட மிதமான உழைப்பைக் கேட்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஓர் அலகாகக் கொண்டால், மிதமான உழைப்பு மூன்று அலகில் தொடங்கும். ஹட யோகாவுக்கு இரண்டரை; சூரிய நமஸ்காரத்துக்கு மூன்றுக்குச் சற்று மேல், வேகமாகச் செய்தால் இன்னும் கூடும். வாரம் ஒரு மணிநேர மென்மையான வகுப்பு 150 நிமிடக் கணக்கை நிரப்பாது. வலி குறைந்து, உடல்மேல் நம்பிக்கை வந்து, அதனால் நடக்கவும் மாடி ஏறவும் தொடங்குகிறார்கள் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அதை நிரூபிக்க, வகுப்புக்கு வெளியே அவர்கள் எவ்வளவு அசைகிறார்கள் என்று கருவி கட்டி மாதக்கணக்கில் அளக்க வேண்டும். எட்டு, பன்னிரண்டு வாரச் சோதனைகள் அதற்குப் போதா.

இவற்றைவிட அடிப்படையான இடைவெளி ஒன்று உண்டு. தழுவிய யோகாவைப் பொதுவாக எதனோடு ஒப்பிடுகிறார்கள்? காத்திருப்போர் பட்டியலோடு, அல்லது ஒரு துண்டுப் பிரசுரத்தோடு. தழுவிய யோகாவையும் தழுவாத யோகாவையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால்தான் தழுவல் என்ன செய்தது என்று தெரியும். அப்போதும் ஆசிரியர், இடம், நேரம், இசை, சொற்கள், கட்டணமின்மை எல்லாம் ஒரே மூட்டையில் வருகின்றன. என் ஊகம் இடத்தையும் ஆளையும் முன்னே வைக்கும். அதற்கு ஆதாரம் யோகாவிலிருந்து வரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 52 முடிதிருத்தகங்களில் 319 கறுப்பின ஆண்களிடம் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், மருந்தாளுநர் சலூனுக்கே வந்து மருந்தைச் சரிசெய்த பிரிவில் ஆறு மாதத்தில் சிஸ்டாலிக் அழுத்தம் 27 மி.மீ. இறங்கியது, முடிதிருத்துபவர் மருத்துவரைப் பார்க்கும்படி சொல்லி மட்டும் அனுப்பிய பிரிவில் 9.3 மி.மீ. மருந்து எங்கும் கிடைப்பதுதான். வந்த ஆளும் வந்த இடமும்தான் வேறு. யோகா வகுப்புகளில் தேடினாலும் கிடைக்காத கறுப்பின ஆண்கள் அந்த நாற்காலியில் மாதாமாதம் உட்காருகிறார்கள்.

யோகாவைச் சமூக நீதிக்கு மாற்றாக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. வாடகை, போலீஸ், சம்பளம், குடியிருக்கும் பகுதி ஆகியவை தரும் அழுத்தத்துக்கு மூச்சை இழுத்துவிடச் சொல்வது மலிவான தீர்வு. அரசுகளுக்கும் நிறுவனங்களுக்கும் பிடித்தமான தீர்வும்கூட. ரோசா பார்க்ஸ் யோகா செய்ததோடு போராடவும் செய்தார் என்பதைக் கறுப்பின ஆசிரியர்கள் அடிக்கடி நினைவுபடுத்துவது இதற்காகத்தான்.

செலவை யார் ஏற்பது என்பதில் மட்டும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது, அதுவும் செட்டிப்பாளையத்து ராமசாமியின் வழி வந்தது. சச்சிதானந்தரின் மாணவரான மருத்துவர் டீன் ஆர்னிஷ், உணவுக் கட்டுப்பாடு, நடை, யோகா, குழுப்பேச்சு ஆகியவற்றைச் சேர்த்து இதயநோயாளிகளிடம் சோதித்து 1990-இல் லான்செட் இதழில் வெளியிட்டார். 2010-இல் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் அந்தத் திட்டத்தை இதய மறுவாழ்வுச் சிகிச்சையாக ஏற்றது. மாரடைப்பு வந்தவருக்கும், இதய அறுவை செய்துகொண்டவருக்கும், அதற்கு இணையான நிலையில் உள்ளவருக்கும் 72 அமர்வுகள் வரை பணம் கிடைக்கும். ரத்த அழுத்தம் ஏறிவிட்ட, மாரடைப்பு இன்னும் வராத, நாற்பத்தைந்து வயதுக் கறுப்பினப் பெண்ணுக்கு இதில் இடமில்லை. அவர் போகும் சர்ச் கூடத்து வகுப்புக்கு இப்போதைக்குப் பணம் தருவது ஏதாவதோர் ஆய்வின் நிதி; அது தீர்ந்த மாதத்தில் ஆசிரியர் சம்பளமில்லாமல் தொடர்வார், அல்லது வகுப்பு நின்றுவிடும்.